பதினாறு கேள்விகளும் ஒரு சீப்பும்

1

வெள்ளிக்கிழமை காலை, சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிற ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. "ஞாயிறு மதியம் பன்னெண்டு மணி. நீங்களும் அம்மாவும் சாப்பிட வாங்க. நான் தனியா வந்து ஒரு வருஷம் ஆச்சு. வெறுங்கையோட வாங்க. மறுபடியும் சொல்றேன், வெறுங்கை."

ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய தண்டனை என்று. சண்டை போடப் போகிற வீட்டுக்கே கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள் நாம். பெற்ற பெண் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவதாவது! செய்தியைப் படித்துவிட்டு என் கை இரண்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஒன்று கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொன்று சும்மா இருந்தது.

மகள் பெயர் தேன்மொழி. வீட்டில் தேனு. வயது இருபத்தேழு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் அவளுடைய கால்கள் இரண்டும் இடது கையும் அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு கொஞ்சம் இழுத்து இழுத்து வரும். புத்தி அவள் அம்மாவுடையது, கோபம் என்னுடையது, இரண்டும் முழுசாகவே வந்திருக்கின்றன. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பாள், வெளியே மோட்டார் சக்கர நாற்காலி. டோபி காட் பக்கம் ஒரு ஓட்டல் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. ஒற்றைக் கையால் தட்டியே, அறை சரியில்லை என்று கத்துகிறவனை நன்றி சொல்ல வைத்துவிடுவாள்.

போன வருஷம் அவள் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டைவிட்டு, லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். இதை ஊரில் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை.

"பொண்ண எங்க சேர்த்திருக்கீங்க?" என்று தொடங்குவார்கள்.

"சேர்க்கல, அவளே போனா."

"ஹோமா?"

"வீடு."

"அங்க யாரு பாத்துக்கறா?"

"அவதான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்பார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. இங்கே ஒரு தொண்டு நிறுவனம் இப்படிச் சில வீடுகளை நடத்துகிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு பேர். ஒப்பந்தம் அவர்கள் பெயரில்தான். கதவு அகலம், அடுப்பு தாழ்வு, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உதவிக்கு ஒருத்தர் வருவார். ஏதாவது அவசரமென்றால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான். மற்றபடி என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, யாரை உள்ளே விடுவது எல்லாம் அவர்கள் பாடு. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குச் செரிக்கவே இல்லை.

2

போகிறேன் என்று அவள் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை தின்றுகொண்டிருக்கும்போது. மூன்றாவது தோசைக்கும் நாலாவது தோசைக்கும் நடுவில் சொன்னாள். என் மனைவி வசந்தா தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் புத்திசாலித்தனமாக, "யோசிக்கலாம்" என்றேன்.

"நான் யோசிச்சிட்டேன்பா. நீங்க யோசிக்கறதுன்னா யோசிங்க. அடுத்த மாசம் மூவிங்."

பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று இங்கே எல்லா அப்பாக்களும் புலம்புவார்கள். என் நண்பர் ஒருவரின் பையன் ஆஸ்திரேலியா போனான், இன்னொருவரின் பெண் தமிழையே விட்டுவிட்டாள். அந்தப் புலம்பல் கூட்டத்தில் நான் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். என் பெண் எங்கும் போகமாட்டாள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அதில் ஒரு கர்வம்கூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

புது வீட்டில் பால் காய்ச்சினோம். வசந்தா அடுப்புப் பக்கம் போனாள். தேனு வாக்கரைக் குறுக்கே வைத்து மறித்தாள். "என் வீடு, நான்தான் காய்ச்சணும்." பால் பொங்கிற்று, நன்றாகவே பொங்கிற்று, அடுப்பையும் தாண்டித் தரை வரைக்கும். அவளோடு தங்குகிற ரோஸ்னா கைதட்டினாள். ரோஸ்னா மலாய்ப் பெண், முப்பத்தைந்து வயது, ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருப்பவள், குரல் மட்டும் மார்க்கெட் முழுக்கக் கேட்கும். "நைஸ் லா! இவ்வளவு பாலா ஊத்தணும் உங்க சாமிக்கு?" என்றாள்.

அன்றைக்கே தேனு சட்டம் போட்டுவிட்டாள். வருவதற்கு முன் போன் பண்ணணும். வந்தால் பெல் அடிக்கணும். அடித்துவிட்டு நிற்கணும். அவள் வாக்கரைப் பிடித்துக் கதவுக்கு வர மூன்று நான்கு நிமிஷம் ஆகும், அதுவரை கதவைத் தட்டக் கூடாது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது. அவசரத்துக்கு என்று என்னிடம் இருந்த ஒரு சாவியையும் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அவள் வாங்கிக்கொண்டது ஒன்று. நான் போட்டு வைத்திருந்தது இரண்டு.

அந்த இரண்டாவது சாவியை ஒரே ஒருமுறைதான் உபயோகித்தேன், சத்தியமாக. ஒரு புதன்கிழமை, தேனு வேலைக்குப் போயிருக்கும் நேரம். குளிர்பெட்டியில் இட்லி மாவையும் வத்தக்குழம்பையும் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று திறந்தேன். ரோஸ்னாவுக்கு அன்றைக்கு விடுமுறை என்று எனக்கு எப்படித் தெரியும்? "பென்சூரி! பென்சூரி!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி துடைப்பத்தோடு வந்துவிட்டார். மலாயில் பென்சூரி என்றால் திருடன். இட்லி மாவோடு வந்த திருடனை அந்தப் பாட்டி அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

கதவு திறந்து கிடந்தது என்று சாதித்துவிட்டேன். ரோஸ்னா நம்பினாளோ என்னவோ, காட்டிக்கொடுக்கவில்லை. சாவியும் என் பர்ஸிலேயே இருந்தது.

இதில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கொண்டுபோகிற டப்பாக்கள் எதையும் சமைத்தது நானில்லை. எல்லாம் வசந்தா. நான் வெறும் கூரியர். இது பின்னால் தேவைப்படும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3

படிவம் நிரப்புவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, தொழில் அப்படி. சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் இரண்டு வருஷம் அறந்தாங்கியில் தாலுகா ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவன் நான். இங்கே வந்து முப்பது வருஷமாக விமானச் சரக்குக்குக் காகிதம் எழுதுகிறேன். மீன் தொட்டியிலிருந்து பந்தயக் குதிரை வரைக்கும் நான் எழுதிய காகிதம் இல்லாமல் ஏறியதில்லை.

மனு எழுதுவதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். இருப்பதைச் சொல்லக் கூடாது, இல்லாததை மட்டும் சொல்ல வேண்டும். மூன்று ஆடு இருக்கிறது என்று எழுதினால் கடன் கிடைக்காது. ஓட்டுக்கூரை என்று எழுதினால் ஓட்டை என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே தேனுவுக்கு ஐந்து வயதில் முதல் படிவம் வந்தது. சிறப்புப் பள்ளிக்கூடத்து பஸ்ஸில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு. 'தானே சாப்பிடுவாரா?' என்று ஒரு கேள்வி. அதற்கு முந்தின வாரம்தான் அவள் முதல்முறையாகக் கரண்டியைத் தானே வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எங்கள் மாடி முழுக்கக் கேசரி கொடுத்திருந்தோம். நான் 'ஆம்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறியும் போட்டேன். உதவியாள் தேவையில்லை என்று பதில் வந்துவிட்டது.

அதோடு சரி. அப்புறம் இருபது வருஷம் நான் எந்தப் படிவத்திலும் அவளால் முடியும் என்று எழுதியதே இல்லை. சக்கர நாற்காலிக்கு, உடற்பயிற்சிக்கு, பரீட்சையில் கூடுதல் நேரத்துக்கு, எல்லாவற்றுக்கும் முடியாது, முடியாது, முடியாதுதான். கேட்டதெல்லாம் கிடைத்தது. வீட்டில் அதற்கென்று ஆறு கோப்புகள் அடுக்கியிருக்கின்றன. அந்தக் கோப்புக்குள் இருக்கிற தேன்மொழியைப் படித்தால் நீங்கள் கண்ணீர் விடுவீர்கள். நேரில் இருக்கிற தேன்மொழியிடம் வாயைக் கொடுத்தால் ஓடியே போய்விடுவீர்கள்.

4

பதினோராவது மாதம் அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. குடியிருப்பவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்காகக் குடும்பத்தாரின் கருத்து. பதினாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: தானே செய்வார், உதவியோடு செய்வார், செய்ய இயலாது.

வேலை இடத்தில் கோப்பி குடிக்கிற நேரத்தில் நிரப்பிவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினாறுக்கும் மூன்றாவது கட்டம். கோடு போட்ட மாதிரி நேராக இறங்கியிருந்தது. இப்படிப் போட்டால் உதவிக்கு வருகிறவரின் நேரத்தை இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரமாகக் கூட்டிக் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. வசந்தா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். என் படிவத்தை அவள் என்றைக்குப் படித்திருக்கிறாள்!

இரண்டு வாரம் கழித்து மிஸ் கோ போன் பண்ணினார். அந்த வீடுகளுக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர் அவர். கெட்ட செய்தியைப் பஞ்சில் சுற்றிக் கொடுக்கிற குரல்.

"உங்கள் படிவத்தைப் படித்தோம், அங்கிள். இவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்த நிலையில் தேன்மொழி அந்த வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை. முழுநேரத் தாதியர் இருக்கிற இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது. ஒரு அறைக்கு நாலு படுக்கை. இந்த வீட்டுக்கும் பட்டியலில் ஆள் காத்திருக்கிறார்கள்."

நான் கோப்பியை மேசையில் வைத்தேன். வைத்தேனா, போட்டேனா என்று தெரியவில்லை.

அன்று மாலையே தேனு கூப்பிட்டாள். வழக்கமாக எடுத்ததும் பொரிந்து தள்ளுவாள். அன்றைக்குக் குரலே உயரவில்லை.

"அப்பா. ஏழாவது கேள்வி. தன் விருப்பத்தை எடுத்துச் சொல்லத் தெரியுமா. அதுக்கும் முடியாதுன்னு போட்டிருக்கீங்க."

"அது ஃபார்ம் நிரப்பற முறைம்மா. அப்படிப் போட்டாத்தான்..."

"என் வீடுப்பா அது."

வைத்துவிட்டாள். என் வயசுக்கு எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் ஒன்றும் நிற்காது.

வசந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தேனுவின் கட்டில். பதினோரு மாதமாக வாரா வாரம் நான் அதற்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன். "என்னங்க, உண்மையச் சொல்லுங்க. பழக்கத்துல போட்டீங்களா, இல்ல அவ திரும்பி வந்துடட்டும்னு போட்டீங்களா?"

"பழக்கம்தான்" என்றேன்.

பாதி பொய். அவளுக்கும் தெரியும்.

5

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அறந்தாங்கியில் எங்கள் பெரியப்பா மகள் மரகதம் அக்கா நினைவுக்கு வந்தாள். அவளைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, வசந்தாவிடம்கூட.

இளம்பிள்ளை வாதத்தில் அக்காவுக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். எங்கள் தெருவில் அவள் தைக்காத ரவிக்கை கிடையாது. நான் மனு எழுத ஆரம்பித்த புதிதில், அவளுக்கு மாத உதவித்தொகை கேட்டு ஒன்று எழுதினேன். 'எவ்வித வேலையும் செய்ய இயலாதவர்' என்பது என் வாக்கியம். அக்காவுக்குப் படிக்கத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள்.

"ஏன்டா தம்பி, நீ போட்டிருக்கிற சட்டைக்கு யாருடா பட்டன் வெச்சா?"

"அப்படி எழுதினாத்தான் குடுப்பாங்க அக்கா."

அவள் கையெழுத்துப் போட்டாள். விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், வீட்டில் மெஷினைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அக்காவைப் படுக்கச் சொன்னார்கள். அதிகாரி வந்தார், பார்த்தார், உச்சுக்கொட்டினார், போனார். தொகை வந்தது. என் மனு ஜெயித்தது என்று டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மெஷின் திரும்பி வரவில்லை. மறுபடி யாராவது விசாரிக்க வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தர் சொன்னார், அதுதான் பணம் வருகிறதே என்று இன்னொருத்தர் சொன்னார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நான் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். படுத்தபடியே என் சட்டையைப் பார்த்தாள். கடையில் வாங்கிய சட்டை. "நல்லா இருக்குடா" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக மிஸ் கோவைக் கூப்பிட்டேன். படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். மிஸ் கோ, "நேரில் பார்க்கலாம் அங்கிள். அவர்கள் வீட்டில், எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக" என்றார்.

6

இரண்டு வாரம் முன்பு சனிக்கிழமை மதியம் கூடினோம். சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் மிஸ் கோ, இன்னொரு பக்கம் நானும் வசந்தாவும். ரோஸ்னா வேடிக்கை பார்க்க முறுக்கு டப்பாவோடு வந்து சேர்ந்தாள். தேனு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடுப்பு வரை தொங்குகிற முடியை ஒரு பெரிய கிளிப்பில் சுருட்டி மாட்டியிருந்தாள்.

அந்த முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வசந்தாவுக்கு விடியற்காலை வேலை. அதனால் தேனுவுக்குத் தலை பின்னுவது என் பொறுப்பு. ஒற்றைச் சடை, இரட்டைச் சடை, மடித்துக் கட்டுவது எல்லாம் எனக்கு அத்துப்படி. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் நான்தான் பின்னுவேன். வீடு மாறியதிலிருந்து கிளிப்தான். உதவிக்கு வருகிறவருக்குப் பின்ன நேரமில்லை. கேட்டால் நான் போகமாட்டேனா? அவள் கேட்கவில்லை.

மிஸ் கோ முதல் கேள்வியைப் படித்தார். "சூடான பானம் தயாரிப்பாரா?"

"பாருங்க" என்று தேனு எழுந்தாள்.

தேநீர் போட அவளுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது. கெட்டிலைத் தூக்காமல் சாய்க்கிற மாதிரி ஒரு தாங்கி வைத்திருக்கிறாள். இடது முழங்கையால் கோப்பையை அணைத்துப் பிடித்தாள். பால் டின்னைத் திறக்கும்போது கை இழுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் கொட்டியது. என் கால் தானாக எழுந்தது. வசந்தா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள், பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது. தேனு தரையில் ஒரு துணியைப் போட்டுக் காலால் இழுத்துத் துடைத்தாள். தேநீர் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, வசந்தா போடுவதைவிட நன்றாக இருந்தது. இதை வசந்தா படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் கட்டத்தில் மிஸ் கோ டிக் போட்டார்.

அப்படியே போயிற்று. மருந்து, துணி, பஸ், பணம் எடுப்பது. சிலது தானே, சிலது உதவியோடு. ஆறாவது கேள்வி முடிந்ததும் தேனு நிறுத்தினாள். "மிஸ் கோ, இன்னொரு ஃபார்ம் இருக்கா? அப்பாவுக்கு."

மிஸ் கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தேனு படித்தாள், வசந்தா பதில் சொன்னாள். என்னைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"துணி துவைப்பாரா?"

"மெஷின் எந்தப் பக்கம் திறக்கும்னு கேளு."

"நேரத்துக்கு மருந்து?"

"நான் எடுத்து வெச்சு, தண்ணியும் வெச்சு, முன்னாடி நிக்கணும்."

"சமையல்?"

"வெந்நீர் வெப்பார். போன மாசம் அதையும் தீய வெச்சார்."

"உதவி வேணும்னா கேப்பாரா?"

வசந்தா இதற்கு மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "கேக்கமாட்டார். கேக்கவே தெரியாது."

பதினாறில் பன்னிரண்டு மூன்றாவது கட்டத்தில் விழுந்தது. ரோஸ்னா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஐயோ அங்கிள், நர்சிங் ஹோம் உங்களுக்குத்தான் லா!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் தேனு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்காமல்.

"உங்களுக்கு அம்மா இருக்காங்க. அதனால உங்கள யாரும் ஹோமுக்கு அனுப்பமாட்டாங்க. எனக்கு ஹெல்ப் வேணும்னா மட்டும் என் வீட்டையே எடுத்துடுவீங்களா?"

முப்பது வருஷம் காகிதம் எழுதிய கை, மேசைமேல் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு விதமான வெறி பிடித்துக்கொண்டது. ஏழாவது கேள்வியிலிருந்து எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டேன். விருப்பத்தைச் சொல்வாளா? சொல்வாள், சொல்லித் தீர்ப்பாள், தானே! வங்கிக்குப் போவாளா? தானே! பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது, எல்லாம் தானே! மிஸ் கோ பதினாலாவதைப் படித்தார்: "தலை வாரிக்கொள்வாரா?"

"எழுதுங்க, தானே!" என்றேன்.

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் தேனு. "இந்தக் கைய வெச்சுக்கிட்டு எப்படிப் பின்றது? நடுக் கட்டம் போடுங்க மிஸ் கோ."

"உதவுபவர் பெயர் எழுத வேண்டும்" என்றார் மிஸ் கோ.

தேனு கிளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமை மட்டும். பெல் அடிச்சிட்டு."

நான் பர்ஸைத் திறந்து அந்த இரண்டாவது சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ரோஸ்னா, "ஆ! பென்சூரி!" என்று கத்தினாள். வசந்தாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கிடைத்தது தனிக் கதை.

கிளம்பும்போது தேனு வாசலில் சொன்னாள்: "பதில் வர வரைக்கும் நீங்க வர வேணாம். என் கோபம் இன்னும் போகல."

7

கருத்தை ஏன் மாற்றிக்கொண்டேன் என்று விளக்கி ஒரு கடிதம் தரச் சொன்னார் மிஸ் கோ. நாலு நாள் ஆயிற்று எழுத. எவ்வளவு மனு எழுதியிருப்பேன், ஒருவரால் என்ன முடியும் என்று எழுதிப் பழக்கமில்லையே! முதல் வரியிலேயே 'பணிவுடன் வேண்டிக்கொள்வது' என்று வந்து உட்கார்ந்துகொண்டது. அடித்தேன். 'என் மகள் தேநீர் போடுவாள்' என்று ஆரம்பித்தேன். 'தரையில் சிந்தினால் காலால் துடைப்பாள்' என்று அடுத்த வரி. அப்புறம் வந்துவிட்டது, மூன்று பக்கம். கடைசியில், இதற்கு முன் எழுதியது என் தவறு, அவளுடைய குறை அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை வசந்தா முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். இரண்டு இடத்தில் திருத்தமும் செய்தாள்.

இந்தப் புதன்கிழமை பதில் வந்தது. ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அன்று மாலை நான் தேனுவின் கட்டில் விரிப்பை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். வசந்தா பார்த்தாள். மறுநாளே அந்தக் கட்டில்மேல் அவளுடைய தையல் சாமான்கள் ஏறிவிட்டன, ஒரு காலி இடம் விடமாட்டாள். வெள்ளிக்கிழமைதான் தேனுவிடமிருந்து அந்தச் செய்தி வந்தது, வெறுங்கை என்று.

சனிக்கிழமை இன்னொன்று வந்தது. "சீப்பு மட்டும் கொண்டு வாங்க. என்னோடது உடைஞ்சு போச்சு."

இன்றைக்குப் பதினொரு மணிக்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், லீவில் வந்த நம்மூர்ப் பையன்கள் தெருவை அடைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பழக்கடையைத் தாண்டும்போது என் கை அரித்தது. இனிப்புக் கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பூக்கடை வந்ததும் வசந்தா நின்றுவிட்டாள்.

"வெறுங்கை" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "கையில ஒண்ணும் இல்லையே, பாருங்க" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். இவளைத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார வைத்திருந்தால் ஊரே கோட்டை கட்டியிருக்கும்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பெல் அடித்தேன். அடித்துவிட்டு நின்றேன்.

"வர்றேன்!" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. பிறகு வாக்கர் சத்தம். ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு காலடி. எங்கேயோ இடித்துக்கொண்டாள், ஏதோ முணுமுணுத்தாள். என் கை கதவுப் பிடிவரை போய்த் திரும்பி வந்து, சட்டைப்பையில் இருந்த சீப்பைப் பிடித்துக்கொண்டது. சாம்பார் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். வசந்தா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். மூடிக்கொண்டாள்.

நாலு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. தேனு முதலில் எங்கள் கைகளைப் பார்த்தாள். பிறகு அம்மா தலையைப் பார்த்து, "ரெண்டு முழமா? ஒண்ணு எனக்கு" என்றாள். பிறகு, மெதுவாக, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். வலது கையைத் தூக்கிக் கிளிப்பைக் கழற்றினாள். முடி அவிழ்ந்து இடுப்புக்கு இறங்கியது. ஒரு வருஷச் சிக்கு.

"சீக்கிரம்பா," என்றாள். "சாம்பார் ஆறுது."